ஜெபத்தில் ஒன்றும் உணர முடியவில்லை. என் விசுவாசம் செத்துவிட்டதா?

கேள்வி:

ஐயா, எனக்கு 47 வயது. கணக்காளராக வேலை செய்கிறேன். சிறு வயதிலிருந்தே ஆலயத்தோடு வளர்ந்தவள். இரண்டு வருடத்துக்கு முன் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் சரியாக இயங்குவதில்லை, பேச்சும் தடுமாறுகிறது. முதல் ஆறு மாதம் உபவாசமிருந்து ஜெபித்தேன். நன்றாகத் தேறிவந்தார். அப்புறம் என்னால் உபவாசம் இருக்க முடியவில்லை. அவருடைய முன்னேற்றமும் அதோடு நின்றுவிட்டது.

காலையில் அவரைக் கட்டிலிலிருந்து எழுப்புவதே பெரிய பாடு. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி என் முட்டியை அவருடைய வலது முட்டிக்கு முட்டுக்கொடுத்து, மூன்று எண்ணித் தூக்குகிறேன். விழுந்துவிடுவோமோ என்று தினமும் அவர் உடம்பு நடுங்கும். ஆனாலும் என்மேல் சாய்ந்து எழுந்துவிடுவார். எல்லாம் முடித்து ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. முன்பெல்லாம் கண்ணீர் வரும், மனம் லேசாகும். இப்போது யாரும் கேட்பதாகவே தோன்றவில்லை. சில நாள் அவர்மேல் எரிந்து விழுகிறேன்.

ஜெபக்குழுவில் ஒரு அக்கா, "உங்க விசுவாசம் போதலை, அதனாலதான் அவர் இன்னும் நடக்கலை" என்றார்கள். மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திப் பார்க்கவும் சொன்னார்கள். நான் நிறுத்தவில்லை. அதுவே என் அவிசுவாசத்துக்கு அத்தாட்சியோ என்று உறுத்துகிறது. போன மாதம் என் மகன் (19 வயது), "அம்மா, நீங்க நிஜமாவே நம்புறீங்களா?" என்று கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாடும்போது வேஷம் போடுவதுபோல் இருக்கிறது. என் விசுவாசம் செத்துவிட்டதா? நான் திருவிருந்தில் பங்கெடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மாத்திரை. உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும்விட அவசரமானது அதுதான். நிறுத்தாமல் இருந்தீர்களே, அது சரியான முடிவு. ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு அது திரும்ப வரும் ஆபத்து அதிகம். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகள் அந்த ஆபத்தைக் குறைக்கத்தான் தரப்படுகின்றன. அவரைக் கேட்காமல் ஒரு வாரம் என்ன, ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். யார் சொன்னாலும், எந்த வசனத்தைக் காட்டிச் சொன்னாலும் சரி.

வசனம் என்றதால் அதையும் பேசிவிடுவோம். எசேக்கியா ராஜா மரணத்துக்கேதுவாய் வியாதிப்பட்டு, சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபித்தார். ஆயுசில் 15 வருடம் கூட்டித்தருவதாகத் தேவனே வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைக் கொண்டுவந்த அதே ஏசாயா தீர்க்கதரிசிதான் அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் பற்றுப்போடவும் வைத்தார். வாக்கும் இருந்தது, மருந்தும் இருந்தது. மருந்து போட்டதால் எசேக்கியாவின் விசுவாசம் குறைந்துபோனதாக வேதத்தில் எங்கும் இல்லை. பவுலோடு பயணம் செய்த லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்றே பவுல் அழைக்கிறார். நீ தேவனை நம்பினால் தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதித்துக் காட்டு என்று இயேசுவிடம் சொன்னது யார் என்பதும் உங்களுக்குத் தெரியும். அவர் குதிக்கவில்லை. கர்த்தரைப் பரீட்சை பார்க்காதே என்று பதில் சொன்னார். மாத்திரையை நிறுத்திப் பார்ப்பது அந்தக் குதிப்பைச் சேர்ந்தது. நீங்கள் மறுத்ததும் இயேசு மறுத்ததுதான்.

அடுத்து, உங்கள் நெஞ்சில் ஆழமாகத் தைத்திருக்கும் விஷயம். நான் உபவாசத்தை விட்டேன், அவருடைய முன்னேற்றம் நின்றது என்று இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறீர்கள். மருத்துவமனைச் சாப்ளினாக, அதாவது நோயாளிகளுக்கு ஆவிக்குரிய துணையாக இருப்பவராக, இந்த நோயாளிகளின் குடும்பங்களோடு நிறைய நேரம் இருந்திருக்கிறேன். இதே முடிச்சைப் பலர் மனதில் பார்த்திருக்கிறேன். பக்கவாதத்தில் இரத்தம் போகாமலோ இரத்தம் கசிந்தோ மூளையின் ஒரு பகுதி சேதமாகிறது. எந்தப் பகுதி, எவ்வளவு பெரியது, எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை கிடைத்தது என்பவைதான் எவ்வளவு தூரம் தேறுவார் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அப்புறம் மெதுவாகிவிடும், சில சமயம் நின்றதுபோலவே தெரியும். உபவாசமிருந்த வீடுகளிலும் இப்படித்தான், ஜெபமே இல்லாத வீடுகளிலும் இப்படித்தான். உங்கள் கணவருக்கு நடந்தது இந்த நோயின் வழக்கமான போக்கு. நீங்கள் சாப்பிட ஆரம்பித்ததற்கும் அவருடைய காலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பயிற்சியைத் தொடர்ந்தால் ஆறு மாதத்துக்குப் பிறகும் சிறு சிறு முன்னேற்றங்கள் வரத்தான் செய்கின்றன. ஆகவே பிசியோதெரபியை விட்டுவிடாதீர்கள்.

அந்த அக்கா கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்கமாட்டார்கள். அன்பினால்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அது தவறான போதனை. நோயாளியின் வீட்டில் அதைச் சொல்வது கொடுமையும்கூட. அவர்கள் எடுத்துக்காட்டக்கூடிய வசனங்கள் எனக்கும் தெரியும். உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது என்று இயேசு சிலரிடம் சொன்னார்; நாசரேத்தில் ஜனங்களின் அவிசுவாசத்தைக் கண்டு ஆச்சரியப்பட்டார், அங்கே சில நோயாளிகளைக் குணமாக்கியதைத் தவிர வேறு பெரிய அற்புதம் எதையும் செய்யவில்லை. சரி, இரண்டும் உண்மை. ஆனால் நாசரேத்தில் இருந்தவர்கள் இவன் தச்சன் அல்லவா என்று அவரை அலட்சியம் செய்தவர்கள். அழுதுகொண்டு அவரிடம் வந்தவர்கள் அல்ல. அவரிடம் தேடிவந்த ஒரு நோயாளியை, உன் விசுவாசம் பத்தவில்லை, போய்ச் சேர்த்துக்கொண்டு வா என்று அவர் திருப்பி அனுப்பியதாக நான்கு சுவிசேஷங்களிலும் ஒரு இடம் கிடையாது.

எதிர்மாறான இடங்கள் இருக்கின்றன. நாயீன் ஊரில் மகனைப் பறிகொடுத்த விதவை எதையும் கேட்கவே இல்லை. அவரே மனதுருகிப் பாடையைத் தொட்டார். பெதஸ்தா குளத்தருகே 38 வருடமாகப் படுத்திருந்தவனுக்குத் தன்னைச் சுகமாக்கியது யார் என்பதே தெரியாது. கப்பர்நகூமில் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனைப் பற்றி மாற்கு எழுதும்போது, இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டார் என்கிறார். அதாவது சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தை. படுக்கையில் கிடந்தவனிடம் அப்போது எவ்வளவு இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று. பிசாசு பிடித்த மகனைக் கொண்டுவந்த தகப்பனின் கதையில் சீஷர்களால் அவனைக் குணமாக்க முடியாமல் போகிறது. ஏன் முடியவில்லை என்று அவர்கள் பிறகு தனியாக வந்து கேட்கிறார்கள். உங்கள் அவிசுவாசத்தினாலேதான் என்று மத்தேயுவில் இயேசு பதில் சொல்கிறார். கடிந்துகொள்ளப்பட்டது ஜெபிக்க வந்தவர்கள். தகப்பனுமல்ல, பிள்ளையுமல்ல. நோயாளியின் மனைவியைப் பார்த்து உன் விசுவாசம் போதாது என்று சொல்லத் துணிகிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாக வாசிக்க வேண்டும்.

விசுவாச வீரர்களின் பட்டியல் என்று நாம் கொண்டாடும் எபிரெயர் 11-ஐயும் எடுத்துப் பாருங்கள். பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள் என்று 34-ஆம் வசனம் சொல்கிறது. மூன்றே வசனம் தள்ளி, பட்டயத்தினால் வெட்டப்பட்டு மரித்தார்கள் என்று 37-ஆம் வசனம் சொல்கிறது. தப்பினவர்களுக்கு விசுவாசம் அதிகம், மாண்டவர்களுக்குக் குறைவு என்று அந்த அதிகாரம் தரம் பிரிக்கவில்லை. எல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றவர்கள் என்று ஒரே வரியில் சேர்த்துவிடுகிறது. பவுல் தன் மாம்சத்தில் ஒரு முள் என்று சொன்ன உபாதை நீங்க மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், அது நீங்கவில்லை. தன் கடைசிக் கடிதங்களில் ஒன்றில், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று சாதாரணமாக எழுதுகிறார். யார் விசுவாசம் குறைந்ததால் துரோப்பீமு படுத்தான் என்ற ஆராய்ச்சியே அங்கே இல்லை.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஜெபத்தில் ஒன்றும் உணரவில்லை, ஆகவே விசுவாசம் செத்துவிட்டது என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். இந்தக் கணக்கு நம்மில் அநேகருக்குப் பழகிப்போனது. கண்ணீர் வந்தால் நல்ல ஜெபம், உடல் சிலிர்த்தால் நல்ல ஆராதனை என்று பழகியிருக்கிறோம். அந்த அனுபவங்களை நான் குறைத்துப் பேசவில்லை. அவை வரும்போது நன்றியோடு வாங்கிக்கொள்ள வேண்டியவை. ஆனால் விசுவாசம் இருக்கிறதா இல்லையா என்பதை அவற்றை வைத்துச் சொல்ல முடியாது.

1738 மே 24 அன்று லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் இருதயம் விநோதமாக அனல்கொண்டது என்ற சாட்சியை நீங்கள் பிரசங்கங்களில் கேட்டிருக்கலாம். அதே நாளின் குறிப்பில் அவர் தொடர்ந்து எழுதியது அதிகம் சொல்லப்படுவதில்லை. கொஞ்ச நேரத்துக்குள்ளேயே, இது விசுவாசமாக இருக்க முடியாது, உன் சந்தோஷம் எங்கே என்ற எண்ணம் சத்துருவிடமிருந்து வந்தது என்கிறார். வீடு திரும்பிய பிறகும் சோதனைகள் அவரை அலைக்கழித்தன. இன்று உங்களைக் குத்தும் கேள்வி, இருதயம் அனல்கொண்ட அதே நாளில் வெஸ்லியையும் குத்தியது. அவர் அந்தக் கேள்விக்கு மெய்யென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடவில்லை, அவ்வளவுதான். அன்னை தெரசா தன் ஆவிக்குரிய வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007-இல் வெளிவந்தன. பல பத்தாண்டுகள் தேவனுடைய பிரசன்னத்தை உணராமலே, உள்ளே இருளோடு அவர் வேலை செய்திருந்தது அப்போதுதான் உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. அந்த வருடங்களிலும் காலையில் எழுந்து ஜெபித்தார், நோயாளிகளிடம் போனார்.

அப்படியானால் விசுவாசம் என்பது என்ன? நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காலையில் உங்கள் கணவர் நடுங்குகிறார். விழுந்துவிடுவோமோ என்ற பயம் அவருக்குப் போகவில்லை. நடுக்கத்தோடே தன் பாரத்தை உங்கள்மேல் சாய்க்கிறார், எழுந்துவிடுகிறார். இவருக்கு என்மேல் நம்பிக்கை இல்லை, அதனால்தான் நடுங்குகிறார் என்று ஒரு நாளாவது நினைத்தீர்களா? நினைத்திருக்கமாட்டீர்கள். கிறிஸ்தவ விசுவாசமும் அப்படித்தான். பாரம் யார்மேல் சாய்கிறது என்பதுதான் கேள்வி. சாயும்போது எவ்வளவு நடுங்கினோம் என்பதை யாரும் அளந்துகொண்டிருப்பதில்லை.

சற்று முன் சொன்ன அந்தத் தகப்பனிடமே திரும்பிப் போகலாம். அவன் இயேசுவிடம் உதவி கேட்கும் பேச்சு, நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால் என்று ஆரம்பிக்கிறது. முடியுமோ முடியாதோ என்ற சந்தேகத்தோடேதான் கேட்கிறான். அப்புறம் கண்ணீரோடே, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று சத்தமிடுகிறான். ஒரே மூச்சில் இரண்டும் வருகிறது. இயேசு அவனை, முதலில் இரண்டில் ஒன்றை முடிவு செய் என்று நிறுத்தி வைக்கவில்லை. பிள்ளையைக் குணமாக்கினார். எனக்குத் தெரிந்தவரை வேதத்திலேயே மிகவும் நேர்மையான ஜெபங்களில் இது ஒன்று. வேறு எதுவும் வராத நாளில் இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும்.

உங்களுக்கு இன்னொரு பகுதியையும் காட்ட ஆசைப்படுகிறேன். மத்தேயு 25-இல் ராஜா வலதுபக்கத்தில் நிற்பவர்களைப் பார்த்து, நான் வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள் என்கிறார். அவர்கள் ஆச்சரியப்பட்டு, உம்மை எப்போது வியாதியுள்ளவராகக் கண்டோம் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். அவர்களுக்குத் தெரியவே இல்லை. நோயாளியின் பக்கத்தில் இருந்தபோது கர்த்தருடைய பிரசன்னத்தை உணர்ந்தோம் என்று அவர்கள் சாட்சி சொல்லவில்லை. ஒன்றும் உணரவில்லை, செய்ய வேண்டியதைச் செய்தார்கள், அவ்வளவே. ஆனாலும் அவர் அங்கே இருந்தார். நீங்கள் காலையில் முட்டுக்கொடுக்கும் அந்த முட்டியும், வேளை தவறாமல் எடுத்துக்கொடுக்கும் மாத்திரையும், அலுவலகத்திலிருந்து ஓடிவந்து மாற்றும் படுக்கைவிரிப்பும் இந்த வரிசையில் சேர்ந்தவை. கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எழுதினாரே, அதன்படி பார்த்தால் உங்கள் வீட்டில் இருப்பது உயிருள்ள விசுவாசம்.

ஜெபத்துக்கு என்ன செய்வது என்றால், கொஞ்ச காலத்துக்கு உங்கள் சொந்த வார்த்தைகளைத் தேடுவதை விட்டுவிடுங்கள். சங்கீதங்களைக் கடன் வாங்குங்கள். கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதம் கடைசி வரைக்கும் ஆறுதலே இல்லாமல், நண்பர்களை எல்லாம் தூரமாக்கிவிட்டீரே என்ற முறையீட்டோடு முடிகிறது. அதை யாரும் வேதத்திலிருந்து எடுத்துவிடவில்லை. தேவனிடமே போய் நீர் என்னை மறந்துவிட்டீர் என்று சண்டை போடுகிறவர் அவரை விட்டுப் போகவில்லை, அவர் எதிரிலேதான் நிற்கிறார். யோபுவின் கதையின் முடிவில் தேவன் யார்மேல் கோபப்பட்டார்? தன்னைக் கேள்விமேல் கேள்வி கேட்ட யோபின்மேல் அல்ல. தேவனுக்காக வாதாடி, உன்மேல்தான் ஏதோ குற்றம் இருக்கிறது என்று சொன்ன நண்பர்கள்மேல். வார்த்தையே வராத நாளில் பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். ஏற்றபடி வேண்டிக்கொள்ள நமக்குத் தெரியாதபோது ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8 சொல்கிறது. பெருமூச்சு உங்களிடம் நிறைய இருக்கும்.

இதில் உங்கள் கணவரையும் சேர்த்துக்கொள்ளலாம். பக்கவாதத்தால் பேச்சு தடுமாறுகிறவர்களில் பலருக்கு ஒரு விசேஷம் உண்டு. ஒரு டம்ளரைக் காட்டி இது என்ன என்று கேட்டால் பெயர் வராது. ஆனால் சிறு வயதிலிருந்து பாடிய பாட்டும், மனப்பாடமான ஜெபமும் தடையில்லாமல் வரும். புதிதாக வாக்கியம் அமைத்துப் பேசுவதும், பழகிப்போனதைச் சொல்வதும் பாடுவதும் மூளையில் ஒரே பாதையில் நடப்பதில்லை. ஒரு வார்த்தைக்குத் திணறிக்கொண்டிருந்த மனிதர், பக்கத்தில் யாரோ பரமண்டலத்திலிருக்கிற எங்கள் பிதாவே என்று ஆரம்பித்ததும் கூடவே சேர்ந்து ஆமென் வரைக்கும் சொல்லி முடித்ததைப் படுக்கையருகே நான் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் இது வருவதில்லை. வராவிட்டால் வற்புறுத்தாதீர்கள். ஆனால் முயன்று பாருங்கள். நீங்கள் தனியாக ஜெபிக்க முடியாமல் தவிக்கும் நேரத்தில் அவர் குரல் உங்கள் ஜெபத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

அப்புறம், உங்கள் உடம்பு. கடிதத்தில் கணவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், மகனைப் பற்றி, ஜெபக்குழுவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. எழுப்பி, சாப்பிடச் சொன்னான். அவர் சாப்பிட்டு மறுபடியும் படுத்துத் தூங்கினார். தூதன் இரண்டாந்தரமும் வந்து சாப்பிட வைத்தான். தேவன் எலியாவோடு பேசியது அதற்கெல்லாம் பிறகுதான்.

இரண்டு வருடமாக வேலைக்கும் போய்க்கொண்டு நோயாளியையும் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு வரும் வறட்சி பல சமயம் ஆவிக்குரிய பிரச்சினையே இல்லை. மனச்சோர்வு நோயாக இருக்கலாம். பெரும்பாலான நாட்களில் மனம் வெறுமையாகவே இருப்பது, முன்பு பிடித்தது எதிலும் நாட்டமில்லாமல் போவது, தூக்கமோ பசியோ கெடுவது, தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வருவது, எல்லாம் என் தப்பு என்ற எண்ணம் விடாமல் துரத்துவது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரத்த சோகையும் தைராய்டு குறைபாடும்கூட இப்படித் தோற்றமளிக்கும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். உங்கள் கடிதத்தில் இவற்றில் சில அடையாளங்கள் தெரிகின்றன, ஆகவே தள்ளிப்போடாமல் போய்வாருங்கள். ஜெபம் ருசிக்காமல் போனதும் இதன் ஒரு பகுதியாக இருக்கக்கூடும். பக்கவாதம் வந்தவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. கணவரின் மருத்துவரிடம் அதையும் கேளுங்கள். அவரும் பேச்சு வராமல் உள்ளுக்குள் தவித்துக்கொண்டிருக்கலாம்.

எரிந்து விழுந்த நாளில் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். இரவு அதை நினைத்து உங்களை நீங்களே தின்றுகொண்டிருக்காதீர்கள். கோபம் தலைக்கேறும்போது, அவர் பத்திரமாகப் படுத்தோ உட்கார்ந்தோ இருந்தால் இரண்டு நிமிடம் அறையைவிட்டு வெளியே வந்து நில்லுங்கள். கை ஓங்கிவிடுவேனோ என்று ஒரு நாள் பயம் வந்தால் அன்றே மருத்துவரிடமோ நெருங்கிய ஒருவரிடமோ சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜெபக்குழுவிடம் உதவி கேளுங்கள். ஜெபம் செய்யுங்கள் என்று பொதுவாகக் கேட்காமல், சனிக்கிழமை மதியம் மூன்று மணி நேரம் இவரோடு இருக்க முடியுமா, நான் தூங்க வேண்டும் என்று கேளுங்கள். வஸ்திரமும் ஆகாரமும் இல்லாதவனைப் பார்த்து, குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் சொல்லிவிட்டுப் போவதைப் பற்றி யாக்கோபு எழுதியது அவர்களுக்கும் தெரியும். அந்த அக்காவிடமே முதலில் கேட்டுப் பாருங்கள். மூன்று மணி நேரம் உங்கள் வீட்டில் இருந்து பார்த்தால் அவர்களுடைய பேச்சு மாறும் என்று நம்புகிறேன். மாறாமல் திரும்பவும் அதையே சொன்னால், அக்கா, அதைக் கேட்டா என்னால ஜெபிக்க முடியாமப் போகுது, இனிமே சொல்லாதீங்க என்று நேராகச் சொல்லிவிடுங்கள். இது மரியாதைக் குறைவு ஆகாது.

மகன் கேட்ட கேள்வியை நினைத்துப் பயப்படாதீர்கள். 19 வயதுப் பையன் அம்மாவிடம் அப்படிக் கேட்கிறான் என்றால் உங்கள் பதிலை மதிக்கிறான் என்று அர்த்தம். அவனும் அப்பா விழுந்ததைப் பார்த்தவன், அவனும் ஜெபித்திருப்பான். பெரும்பாலும் அவன் கேட்பது உங்களைப் பற்றி மட்டும் அல்ல, தன்னைப் பற்றியும்தான். அவனிடம் போய், "அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லலை. நம்புறேன். ஆனா சில நாள் ரொம்பக் கஷ்டமா இருக்கு. சில நாள் ஆண்டவர்மேல கோபமும் வருது. ஆனாலும் அவர்கிட்டதான் போறேன், வேற எங்கயும் போகலை" என்று உங்கள் நிலைமை எதுவோ அதை உள்ளபடி சொல்லுங்கள். இந்த வார்த்தைகளேதான் வேண்டும் என்பதில்லை. அப்புறம், உனக்கு எப்படி இருக்கு என்று கேட்டுவிட்டு, அவன் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள். நான் நம்பவில்லை என்று சொன்னாலும் திடுக்கிடாதீர்கள், வசனத்தைத் தேடி ஓடாதீர்கள். நான் விசுவாசிக்கமாட்டேன் என்று பத்துப் பேருக்கு முன்னால் சொன்ன தோமாவை மற்ற சீஷர்கள் வெளியே அனுப்பவில்லை. எட்டு நாள் கழித்தும் அவர்களோடேதான் இருந்தான், இயேசு வந்தபோது அங்கே அவனும் இருந்தான். உங்கள் மகனுக்கும் வீட்டில் அந்த இடம் இருக்க வேண்டும்.

கடைசியாகத் திருவிருந்து. தாராளமாகப் பங்கெடுங்கள். அபாத்திரமாய், அதாவது தகாத விதமாய், போஜனபானம் பண்ணுவதைப் பற்றிப் பவுல் எச்சரித்தது உண்மை. ஆனால் 1 கொரிந்தியர் 11-ஐ முழுவதும் வாசித்தால், ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறித்திருக்கும்படி சாப்பிட்டு இல்லாதவர்களை வெட்கப்படுத்தியதைக் கண்டித்துத்தான் அந்தப் பகுதியை அவர் எழுதுகிறார் என்பது தெரியும். மனம் வறண்டுபோனவர்களை அவர் அங்கே தடுக்கவில்லை. முதல் திருவிருந்தில் உட்கார்ந்திருந்தவர்களில் அன்றிரவே மூன்றுதரம் மறுதலிக்கப்போகிற பேதுருவும் இருந்தார். அது தெரிந்தேதான் இயேசு பேதுருவுக்கும் அப்பத்தைக் கொடுத்தார். பாட்டு வாயில் வராவிட்டால் மற்றவர்கள் பாடட்டும், நீங்கள் நின்றால் போதும். சபையாகக் கூடுவதே ஒருவர் திணறும்போது மற்றவர்கள் சுமக்கத்தான். அதை வேஷம் என்று சொல்ல மாட்டேன்.

கணவரை ஆலயத்துக்கு அழைத்துப்போக முடியாத வாரங்களில் போதகரிடம் சொல்லி, திருவிருந்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கக் கேளுங்கள். இது சலுகை கேட்பது ஆகாது. கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததை இரண்டாம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதியிருக்கிறார். போதகர் வரும் நாளில் மகனிடமும் சொல்லுங்கள். கூட உட்காருவதா வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்யட்டும். அதற்கு முன்னால் இந்த வாரமே மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள், உங்களுக்காக.